பையன் கையில் எதைக் கொடுத்திருக்கிறோம்?

கடிதம்

காங்கேயம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். ஆள் அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

கணவர் கூலிக்குத் தறி ஓட்டுகிறார். வீட்டை ஒட்டியே தறிக்குடோன். மூத்தவன் பையன், வயது பதினாறு, பதினோராம் வகுப்பு. இளையவள் ஆறாவது. எட்டாவது வரை உள்ளூரில் படித்தவனை ஒன்பதாவதில் நாமக்கல் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில் சேர்த்தார்கள். பத்தாவதில் 500க்கு 452 வாங்கினான். பாலிடெக்னிக் போகிறேன் என்று கேட்டிருக்கிறான். நீட் எழுதட்டும் என்று அப்பா அதே பள்ளியில் உயிரியல்-கணிதப் பிரிவுக்குப் பணம் கட்டிவிட்டார். பதினோராவது தொடங்கிய சில வாரங்களில் விடுமுறைக்கு வந்தவன், “இனி அங்க போகமாட்டேன்” என்று உட்கார்ந்துவிட்டான். ஏன் என்று கேட்டால் பதில் இல்லை. இப்போது பக்கத்து நகரத்துப் பள்ளியில் அதே பிரிவில் படிக்கிறான். ஐந்து மணிக்கு எழுந்து 6:40க்கு வேன் ஏறி, டியூஷன் முடித்து வீட்டுக்கு வர இரவு எட்டாகிறது. படுக்கப் பதினொன்றரை.

நான்கு மாதமாக வீடு வீடாக இல்லை என்கிறார் இந்தத் தாய். எதற்கெடுத்தாலும் கத்துகிறான், சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிடுகிறான். தங்கையை ஒருநாள் அடித்துவிட்டான். டியூஷனுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் பேருந்து நிலையத்தில் உட்கார்ந்திருக்கிறான். அப்பாவின் பைக்கை எடுத்துக்கொண்டு ஊதியூர் வரை போய்வருகிறான். துவைக்கப் போட்ட பேண்ட் பாக்கெட்டில் கூல் லிப் என்ற, உதட்டுக்குள் வைக்கும் புகையிலைப் பொட்டலம் இருந்தது. இரண்டு பாடத்தில் பெயில்.

அப்பா போனைப் பிடுங்கி வைத்தார், அறைக்கதவின் தாழ்ப்பாளைக் கழற்றினார், இன்னொரு டியூஷன் சேர்த்தார். தினமும் சாப்பிடும் நேரத்தில் “எல்லாம் உன்ற கையிலதான் இருக்குது, நீ நெனச்சா முடியும்” என்று பேசுகிறார். அதற்கு ஒருநாள் பையன் சொன்னானாம்: “எல்லாத்தையும் நீங்களே முடிவு பண்ணிப்போட்டு, அப்பறம் என்ற கையில இருக்குதுன்னா எப்படிங்க?” மாமியார் ஜாதகம் பார்த்துவிட்டு, ஏழரைச் சனி முடிகிற வரை இப்படித்தான் இருப்பான் என்கிறார்.

இது வயசுக் கோளாறா, சேர்க்கையா, மனநோயா? இன்னும் கண்டிப்பு வேண்டுமா, விட்டுப் பிடிக்கலாமா? மறுபடி விடுதியில் சேர்த்தால் சரியாகிவிடுமா? இவை அவருடைய கேள்விகள்.

பதில்

அம்மணி, நீங்கள் கேட்டவற்றுக்கு வருவதற்கு முன்னால், நீங்கள் கேட்காத ஒன்றைப் பேச வேண்டியிருக்கிறது. தங்கையை அடித்த அன்று இரவு அவன், “நானில்லீன்னா எல்லாரும் நிம்மதியா இருப்பீங்கல்ல” என்று சொன்னதாகவும், கோபத்தில் சொல்கிறான் என்று விட்டுவிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். கோபத்தில் சொல்லியிருக்கலாம். ஆனால் அதை அவனிடம் கேட்காமல் நீங்களும் நானும் முடிவு செய்யக் கூடாது.

இன்றைக்கே, தங்கை பக்கத்தில் இல்லாத நேரத்தில், குரலை உயர்த்தாமல் நேராகக் கேளுங்கள்: “அன்னைக்கு அப்படிச் சொன்னியே, செத்துப்போயிடலாம்னு தோணுதா கண்ணு?” இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே உண்டாக்கிவிடுவோம் என்று பல பெற்றோர் பயப்படுகிறார்கள். அது உண்மையில்லை. கேட்பதால் அந்த எண்ணம் வருவதில்லை. தனியாகச் சுமந்துகொண்டிருக்கும் பிள்ளைக்குச் சொல்ல ஒரு வழி கிடைக்கிறது. ஆமாம் என்றாலோ, பதிலே சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டாலோ, அவனைத் தனியே விடாதீர்கள். 14416 என்பது அரசின் டெலி மானஸ் எண். எந்த நேரத்திலும் கூப்பிடலாம், தமிழில் பேசுவார்கள். உடனடி ஆபத்து என்று தோன்றினால் திருப்பூர், பெருந்துறை, கோவை, எது கிட்டவோ அந்த அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு நேரே கூட்டிப் போங்கள். அவன் என்ன பதில் சொன்னாலும் சரி, தோட்டத்துக்கு அடிக்கும் மருந்தும் வீட்டிலுள்ள மாத்திரைகளும் பூட்டுக்குள் போகட்டும். வாசல் தெளிக்க வாங்கும் விஷச்சாயமான சாணிப்பவுடர் வீட்டிலேயே இருக்கக் கூடாது. நம் பக்கத்தில் இதை நான் எல்லாக் குடும்பத்திடமும் சொல்கிறேன்.

அவன் கையில் என்ன இருக்கிறது?

இனி உங்கள் கேள்விகள். உங்கள் பையன் அப்பாவிடம் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தில் பாதி விடை இருக்கிறது. அதை நீங்கள் எதிர்த்துப் பேசுகிற பட்டியலில் சேர்த்துவிட்டீர்கள். என்னைக் கேட்டால், இந்த நான்கு மாதத்தில் அந்த வீட்டில் யாரும் சொன்னதிலேயே தெளிவான பேச்சு அதுதான்.

அவனுடைய ஒரு நாளை எடுத்துப் பாருங்கள். எப்போது எழ வேண்டும், எந்த வேன், எந்தப் பாடம், எந்த டியூஷன், எப்போது சாப்பாடு, அறைக்கதவு திறந்திருக்குமா மூடியிருக்குமா, யாரிடம் போனில் பேசலாம் என்பது வரை எல்லாமே வேறு யாரோ முடிவு செய்தவை. எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாமல், அவன் நல்லதற்காகவே முடிவு செய்தீர்கள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பதினாறு வயதில், விழித்திருக்கும் பதினெட்டு மணி நேரத்தில் ஒன்றுகூட அவன் முடிவில் இல்லை. அதற்குப் பிறகு சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்காரவைத்து, எல்லாம் உன் கையில்தான் இருக்கிறது என்கிறோம்.

மன அழுத்தம் என்றால் வேலைப்பளு என்று நினைக்கிறோம். பளு ஒரு பாதிதான். அந்தப் பளுவின் மேல் நமக்கு ஏதாவது பிடி இருக்கிறதா என்பது மறுபாதி. டேவிட் கிளாஸ், ஜெரோம் சிங்கர் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் இரைச்சலை வைத்துச் சோதனைகள் செய்து 1972இல் நூலாக வெளியிட்டார்கள். தறிக்குடோன் ஒட்டிய வீட்டில் இருக்கும் உங்களுக்கு இது உடனே புரியும். எப்போது வரும் என்று தெரியாதபடி காதைப் பிளக்கும் சத்தத்தை ஆட்களைக் கேட்கவைத்தார்கள். சிலருக்கு மட்டும் ஒரு பொத்தானைக் காட்டி, தாங்க முடியவில்லை என்றால் இதை அழுத்தினால் சத்தம் நின்றுவிடும், ஆனால் அழுத்தாமல் இருந்தால் எங்களுக்கு நல்லது என்றார்கள். அவர்கள் பெரும்பாலும் அழுத்தவே இல்லை. ஆக எல்லாரும் கேட்டது ஒரே சத்தம். அது முடிந்த பிறகு கடினமான புதிர்களையும் பிழை திருத்தும் வேலையையும் கொடுத்தபோது, பொத்தான் இருந்தவர்கள் விடாமல் முயன்றார்கள், பிழைகளையும் அதிகம் கண்டுபிடித்தார்கள். பொத்தான் இல்லாதவர்கள் சீக்கிரமே கைவிட்டார்கள்.

இப்போது உங்கள் பையனைப் பாருங்கள். கத்தினால் அப்பாவின் பேச்சு நிற்கிறது. தட்டைத் தள்ளினால் எல்லாரும் எழுந்து போய்விடுகிறார்கள். டியூஷனுக்கு மட்டம் போட்டால் ஒன்றரை மணி நேரம் அவனுடையதாகிறது. ஊதியூர் ரோட்டில் பைக் அவன் திருப்புகிற பக்கம் திரும்புகிறது. நீங்கள் கெட்ட நடத்தை என்று எழுதியிருக்கும் ஒவ்வொன்றும், அவன் ஏதாவது செய்து ஏதாவது நடக்கிற இடம். வேறு பொத்தான் எதுவும் அவனுக்கு இல்லை. இதைச் சொல்வதால் அவன் செய்வது சரி என்று ஆகிவிடாது. ஏன் கண்டிப்பைக் கூட்டக் கூட்ட இவையும் கூடுகின்றன என்பது மட்டும் விளங்கும்.

குடும்பங்களை அவரவர் வீட்டுக்கே போய்ப் பல ஆண்டுகள் கவனித்த ஜெரால்ட் பேட்டர்சன் என்ற ஆய்வாளர், பிள்ளையும் பெற்றோரும் ஒருவருக்கொருவர் சண்டையைக் கற்றுக்கொடுக்கும் விதத்தை விரிவாக எழுதியிருக்கிறார். அப்பா அதட்டுகிறார், பையன் அதைவிடப் பெரிதாகக் கத்துகிறான், அப்பா சலித்துப்போய் விட்டுவிடுகிறார். கத்தினால் விடுவார்கள் என்று பையன் தெரிந்துகொள்கிறான். அடுத்த முறை அப்பா இன்னும் பலமாக அதட்டுகிறார், பையன் அடங்குகிறான். பலமாக அதட்டினால்தான் வேலை ஆகும் என்று அப்பா தெரிந்துகொள்கிறார். இப்படியே மாறி மாறி ஏறிப்போகும். உங்கள் வீட்டில் நான்கு மாதத்தில் போனில் தொடங்கித் தாழ்ப்பாள் வரைக்கும் போனது இந்த வழியில்தான்.

ஏழரைச் சனியும் ‘நீ நினைத்தால் முடியும்’ பேச்சும்

உங்கள் மாமியாரின் நம்பிக்கையை நான் கேள்வி கேட்க வரவில்லை. கோயிலுக்குப் போகட்டும், விளக்குப் போடட்டும். அவன் காதுபட மட்டும் வேண்டாம். ஜூலியன் ரோட்டர் என்ற உளவியலாளர் 1966இல் எழுதிய கட்டுரை ஒன்றுக்குப் பிறகு இந்தத் துறையில் நிறைய ஆராய்ச்சி நடந்திருக்கிறது. தனக்கு நடப்பது தன் செயலால் நடக்கிறது என்று சிலர் நினைக்கிறார்கள். விதியாலும், அதிர்ஷ்டத்தாலும், தன்னைவிடப் பெரிய ஆட்களாலும் நடக்கிறது என்று சிலர் நினைக்கிறார்கள். நெருக்கடி வரும்போது, இரண்டாவது விதமாக நினைக்கும் பிள்ளைகளிடம் சோர்வும் அடாவடியும் கூடுதலாகத் தென்படுகின்றன. எது முதலில் வந்தது என்று எப்போதும் சொல்ல முடியாது. கஷ்டம் தொடர்ந்தாலும் அந்த நினைப்பு வரும். ஆனால் இன்னும் சில வருஷத்துக்கு நீ என்ன செய்தாலும் இப்படித்தான் என்று தினமும் கேட்கிற பையன் புத்தகத்தை எதற்குத் திறப்பான்?

அப்பாவின் பேச்சு இதற்கு நேர் எதிரானது என்று தோன்றும். அதிலும் ஒரு முள் இருக்கிறது. எல்லாமே உன் கையில் என்றால், நடந்த எல்லாமே உன் குற்றம் என்றும் ஆகிறது. தூக்கமில்லாமல், பிடிக்காத பாடத்தில், ஆண்டின் நடுவில் மாறிய பள்ளியில் ஒருவன் பெயிலானால் அதற்குப் பல காரணங்கள் உண்டு. “நீ நினைத்திருந்தால் முடிந்திருக்கும்” என்று சொல்லும்போது அந்தக் காரணங்கள் அத்தனையும் மறைந்து, ‘நான் எதுக்கும் லாயக்கில்லை’ என்ற ஒன்று மட்டும் அவனுக்கு மிஞ்சுகிறது. நானில்லாவிட்டால் நிம்மதியாக இருப்பீர்கள் என்ற வார்த்தை அங்கிருந்து வந்திருக்க வாய்ப்பு இருக்கிறது.

பிடி என்பது சொல்லி வருகிற விஷயமில்லை. மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மையர் இருவரும் 1967இல், தப்பிக்கவே முடியாத துன்பத்துக்கு ஆளான விலங்குகள் பிறகு தப்பிக்க வழி இருந்தும் முயலாமல் படுத்துக்கிடப்பதைக் காட்டினார்கள். இயலாமையை அவை கற்றுக்கொண்டன என்றார்கள். சுமார் ஐம்பது ஆண்டு கழித்து, 2016இல், மூளை ஆராய்ச்சிகளை வைத்து அவர்களே அதைத் திருத்தினார்கள். நீண்ட துன்பத்தில் சுருண்டு படுப்பது உடம்பின் இயல்பு. ‘நான் செய்தால் நடக்கும்’ என்பதைத்தான் மூளை அனுபவத்தில் கற்றுக்கொள்கிறது என்றார்கள். பெற்றோருக்கு இதைவிட உபயோகமான செய்தி எனக்குத் தெரியாது. அவன் முடிவு செய்து, அவன் செய்து, அதன் பலன் அவனுக்கே வருகிற அனுபவம் வேண்டும். சின்னதாக இருந்தாலும் போதும்.

அப்படி ஒன்று உங்கள் வீட்டிலேயே நடந்துகொண்டிருக்கிறது. இரவில் நாடா சிக்கித் தறி நின்றால் பையன் எழுந்து போய்விடுகிறான், மேஸ்திரி வருவதற்குள் ஓட்டிவிடுகிறான், அந்த நேரத்தில் அவன் வாயிலிருந்து ஒரு கெட்ட வார்த்தை வராது என்று எழுதியிருக்கிறீர்கள். “பையன் கை வெச்சா தறி ஓடுது” என்று உங்கள் கணவர் மேஸ்திரியிடம் பெருமையாகச் சொன்னதையும் எழுதியிருக்கிறீர்கள். பையனிடம் சொன்னது, “இங்க என்ன வேல, போய்ப் படி.” கணவரின் மனசு எனக்குப் புரிகிறது. நூல் விலையும் கூலிப் பேச்சுவார்த்தையுமாக அவர் பட்ட பாடு பையனுக்கு வேண்டாம் என்று நினைக்கிறார். ஆனால் மேஸ்திரியிடம் சொன்னதை அவனிடமும் சொல்ல வேண்டும். சொன்னால் தறியிலேயே நின்றுவிடுவான் என்ற பயம் வேண்டாம்.

விடுதிக்குத் திருப்பி அனுப்பலாமா?

வேண்டாம். அதற்கு முன் இன்னொன்று. அவன் வசதி பத்தாமல், செல்லமாக வளர்ந்ததால் ஓடிவந்துவிட்டான் என்று முடிவு செய்திருக்கிறீர்கள். இரண்டு வருஷம் அங்கேயே இருந்து 452 வாங்கிய பையன் அவன். மூன்றாவது வருஷத் தொடக்கத்தில் திடீரென்று போகமாட்டேன் என்றால், காரணம் சொல்லவும் மறுத்தால், அங்கே என்ன நடந்தது என்று கேட்க வேண்டியது நம் கடமை. படிப்புச் சுமையாக இருக்கலாம். அடியாக இருக்கலாம், பெரிய பையன்களின் தொந்தரவாக இருக்கலாம், பாலியல் சீண்டலாகவும் இருக்கலாம். ஆண்பிள்ளைக்கு அதெல்லாம் நடக்காது என்ற நினைப்பை விட்டுவிடுங்கள். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் பையன்களுக்கும் பொருந்தும். அப்படி ஒன்று தெரியவந்தால் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம், 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கும் பேசலாம். பிள்ளைகளை அடிப்பதும் நம் மாநிலப் பள்ளிகளில் தடைசெய்யப்பட்டது.

குறுக்கு விசாரணை மாதிரிக் கேட்காதீர்கள். “அங்க ஏதோ உனக்குப் பிடிக்காதது நடந்திருக்கும்போல. எப்ப வேணா சொல்லு. சொன்னா உன்மேல கோபப்பட மாட்டோம், திருப்பியும் அனுப்ப மாட்டோம்” என்று ஒருமுறை சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். நேருக்கு நேர் உட்கார்ந்து சொல்வதைவிட, இரண்டு பேரும் வேறு ஏதோ வேலையில் இருக்கும்போது சொல்வது நல்லது.

எதை விடக்கூடாது, எதைக் கொடுக்க வேண்டும்

கண்டிப்பா, விட்டுப் பிடிப்பதா என்று கேட்டீர்கள். இரண்டும் வேண்டும், வெவ்வேறு இடங்களில். கண்டிப்பைச் சில விஷயங்களில் மட்டும் வைத்துக்கொண்டால்தான் அது நிற்கும்.

பைக். இதில் பேச்சுக்கே இடமில்லை. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, பதினெட்டு வயதுக்குக் கீழுள்ள பிள்ளை ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றோருக்கோ வண்டியின் சொந்தக்காரருக்கோ 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்தாகும். பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது. சாவியை அப்பா தன்னிடமே வைத்துக்கொள்ளட்டும், சண்டை போடாமல், காரணத்தை ஒரே தடவை சொல்லிவிட்டு.

தங்கை மேல் கை வைப்பது. இதுவும் அப்படித்தான். அதே விதி வீட்டில் எல்லாருக்கும் வேண்டும். அப்பா அவனை அடிக்கிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. அடித்தால், இன்றோடு நிற்கட்டும்.

கூல் லிப். இது ஒழுக்கக்கேடு என்பதைவிட நிக்கோட்டின் பழக்கம் என்று பாருங்கள். வைத்தால் மனசு அமைதியாவதுபோல் இருக்கும்; அந்த அமைதி பெரும்பாலும் முந்தைய பொட்டலம் உண்டாக்கிய தவிப்பு அடங்குவதுதான். பள்ளியில் பகல் முழுக்க இல்லாமல் இருந்துவிட்டு இரவு எட்டு மணிக்கு எரிந்து விழுவதில் இதற்கும் பங்கு இருக்கலாம். எத்தனை நாளாக, ஒரு நாளைக்கு எத்தனை என்று திட்டாமல் கேளுங்கள். புகையிலையை நிறுத்த உதவும் தேசிய இலவச எண் 1800-11-2356, அவனே பேசலாம். பதினெட்டு வயதுக்குக் கீழுள்ளவர்களுக்கு இதை விற்பது குற்றம். எந்தக் கடை என்று தெரிந்தால் பள்ளியிலும் காவல் நிலையத்திலும் சொல்லலாம், பையனைச் சாட்சிக்கு இழுக்காமல்.

தூக்கம். பதின்ம வயதில் எட்டிலிருந்து பத்து மணி நேரம் தூங்க வேண்டும். அவன் ஐந்தரை மணி நேரம் தூங்குகிறான், அதுவும் தறிச்சத்தத்தில். இந்த வயதில் இரவு தூக்கம் வரும் நேரமே தள்ளிப்போகும், சோம்பேறித்தனம் கிடையாது. நான் எழுதுவதில் ஒன்றே ஒன்றை மட்டும் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்: ஒரு டியூஷனை நிறுத்துங்கள். எதை நிறுத்துவது என்று அவன் சொல்லட்டும். தறி ஓடும் சுவருக்கு எதிர்ப்பக்கத்து அறையில் அவன் படுக்க முடியுமா என்றும் பாருங்கள்.

கதவு. தாழ்ப்பாளைக் கழற்றியது அவனுக்குப் பெரிய அவமானம். ஆனால் நானில்லாவிட்டால் என்று சொன்ன பிள்ளையின் அறையில் உடனே தாழ்ப்பாளைத் திருப்பிப் போடச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. முதலில் ஒரு நிபுணர் அவனைப் பார்த்துவிடட்டும். அதுவரை கதவைத் தட்டி, அவன் பதில் சொன்ன பிறகே உள்ளே போவது என்று எல்லாரும் வைத்துக்கொள்ளுங்கள். காரணத்தையும் மறைக்காதீர்கள்: “நீ அப்படிச் சொன்னதுல எங்களுக்குப் பயமா இருக்குது.”

போன். திருப்பிக் கொடுங்கள். எந்த நேரம், எவ்வளவு நேரம் என்பதை அவனையே முதலில் எழுதித் தரச் சொல்லுங்கள். அவன் எழுதியதில் நீங்கள் ஒன்றிரண்டு மாற்றம் கேட்கலாம். இரவு எல்லாருடைய போனும், அப்பாவுடையதும், ஹாலில் சார்ஜில் கிடக்கட்டும். அவனுக்குத் தெரியாமல் எடுத்துப் பார்க்காதீர்கள்.

படிப்பு

இதில்தான் உங்கள் வீட்டுச் சண்டையின் வேர் இருக்கிறது. நீட்டா பாலிடெக்னிக்கா என்று இரண்டு கட்சியாக நின்றுவிட்டீர்கள். நடுவில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை. உயிரியல்-கணிதப் பிரிவில் கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றும் இருப்பதால் பொறியியல் கலந்தாய்வுக்கும் அதே பிரிவு போதும். கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியில் ஜவுளித் தொழில்நுட்பம் பட்டப்படிப்பாகவே இருக்கிறது. பாலிடெக்னிக் என்றால் பத்தாவது முடித்தவர் முதல் ஆண்டிலும், பன்னிரண்டாவது முடித்தவர் நேரடியாக இரண்டாம் ஆண்டிலும் சேரலாம். டிப்ளமோ முடித்தவர் பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரலாம். சேலத்தில் இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. ஆக, பாலிடெக்னிக் போனால் வாழ்க்கை முடிந்தது என்ற அப்பாவின் பயமும் சரியில்லை, இந்தப் பிரிவில் உட்கார்ந்தாலே டாக்டராகத்தான் வேண்டும் என்ற பையனின் பயமும் சரியில்லை.

மூன்று பேரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை இதை மட்டும் பேசுங்கள். அப்பா அன்றைக்குக் கேட்க மட்டும் செய்யட்டும். இந்தப் பிரிவிலேயே நீட் இல்லாமல் முடிப்பது, அடுத்த ஆண்டு பாலிடெக்னிக் மாறுவது, நீட்டுக்கும் ஒருமுறை முயல்வது, மூன்றின் செலவையும் காலத்தையும் அவனே விசாரித்து எழுதி வரட்டும். ஒரு பாலிடெக்னிக் கல்லூரிக்கு அவனும் அப்பாவும் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும். பிறகு அவன் தேர்ந்தெடுப்பது உங்களுக்குப் பிடிக்காததாக இருக்கலாம். அப்போது கையை விரிக்காமல் இருக்க முடியுமா என்று கணவரும் நீங்களும் முன்கூட்டியே தனியாகப் பேசிக்கொள்ளுங்கள். கருத்துக் கேட்டுவிட்டு ஏற்கெனவே முடிவு செய்ததையே செய்வது, கேட்காமல் இருப்பதைவிட மோசம்.

முதல் இரண்டு மூன்று வாரம் நிலைமை கொஞ்சம் முற்றியதுபோல் தெரியும். கத்தினால் நடந்தது நடக்காமல் போகும்போது இன்னும் உரக்கக் கத்திப் பார்ப்பான். அப்போது கணவர் திண்ணைக்குப் போய் உட்கார்ந்துகொள்ளட்டும். “கோபம் இறங்கின பிறகு பேசலாம்” என்று சொல்லிவிட்டுப் போவது தோல்வி கிடையாது.

மனநோயா?

கடிதத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: மனச்சோர்வு நோய் பெரியவர்களிடம் சோகமாகத் தெரிவதுபோல், இந்த வயதில் எரிச்சலாகவும் கோபமாகவும் தெரியலாம். தூக்கம், பசி, நண்பர்கள், பிடித்த வேலை எல்லாவற்றிலிருந்தும் இரண்டு வாரத்துக்கு மேல் விலகியிருந்தால் கட்டாயம் பார்க்க வேண்டும். உங்கள் பையனுக்கு இன்னும் தறி பிடிக்கிறது, அது நல்ல அறிகுறி. ஆனால் அதை நம்பித் தள்ளிப்போடாமல், அவன் சொன்ன அந்த வார்த்தைக்காக, இந்த வாரத்துக்குள் ஒரு மனநல மருத்துவரையோ மருத்துவ உளவியலாளரையோ பார்த்துவிடுங்கள். மேலே சொன்ன அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. போனவுடன் மாத்திரை கொடுத்துவிடுவார்கள் என்று பயப்படாதீர்கள். பல பிள்ளைகளுக்குப் பேச்சுச் சிகிச்சையே முதலில் தொடங்கும்; மருந்து தேவை என்றால் ஏன் என்று விளக்கிச் சொல்வார்கள். அவன் மனநலத் துறையினரான எங்களிடம் தனியாகச் சொல்வதை வரி வரியாக உங்களிடம் ஒப்பிக்க மாட்டோம். உயிருக்கு ஆபத்து என்றாலோ, யாராவது அவனைத் துன்புறுத்தியிருந்தாலோ சொல்வோம். இதை அவன் முன்னாலேயே முதல் நாளில் சொல்லிவிடுவோம்.

உன்னைச் சரிபண்ணக் கூட்டிப்போகிறோம் என்று அவனிடம் சொல்லாதீர்கள். “வீட்டுல யாருக்கும் நிம்மதியில்ல, நாங்க எப்படி நடந்துக்கறதுன்னு எங்களுக்கே தெரியல, கேட்டுட்டு வரலாம்னு போறோம், நீயும் வா கண்ணு” என்று சொல்லுங்கள். நேரம் எது ஒத்துவரும் என்று அவனையே கேளுங்கள். சாக விரும்புவதாகச் சொன்ன பிள்ளை என்றால் வரமாட்டேன் என்பதை ஏற்க முடியாது, எப்படியாவது கூட்டிப் போக வேண்டும். அப்படி இல்லை, வெறும் பிடிவாதம்தான் என்றால் முதல் தடவை அவனை வற்புறுத்தாமல் நீங்களும் கணவரும் மட்டும் போங்கள். பெற்றோர் இருவரோடு மட்டும் பேசி, வீட்டுப் பேச்சையும் விதிகளையும் மாற்றுவதிலேயே பாதிக் காரியம் ஆகிற குடும்பங்கள் உண்டு. டாக்டர் என்ன சொன்னார் என்று அவனாகக் கேட்டால், உன்னைப் பற்றிச் சொன்னதைவிட எங்களைப் பற்றித்தான் நிறையச் சொன்னார் என்று உள்ளதைச் சொல்லுங்கள். அடுத்த தடவைக்கு அவன் வருகிறானா என்று அப்போது கேட்கலாம்.